துபாயில் ஒரு பெட்ரூம் வீடு - ஒரு வாடகைக் கணக்கு

அம்பகரத்தூர் டீக்கடையில் "துபாய்" என்ற சொல் விழுந்தவுடன் நடக்கிற முதல் காரியம் ஒரு பெருக்கல் கணக்கு.

"சம்பளம் எவ்வளவாம் மாப்ள?"

"நாலாயிரம் திர்ஹம்."

உடனே செல்போன் வெளியே வரும். நாலாயிரம் பெருக்கல் இருபத்து நாலு... தொண்ணூற்று ஆறாயிரம்! "மாசம் ஒரு லட்சம்டா!" என்று யாராவது ஒருவர் மீதி நாலாயிரத்தையும் தன் கையிலிருந்து போட்டு ரவுண்டாக்கி விடுவார். டீ ஆறுவதற்குள் பையனுக்குப் பெண் பார்க்கும் படலமும் ஆரம்பமாகிவிடும்.

கணக்கில் தப்பில்லை. 2005ல் ஒரு திர்ஹம் ஏறக்குறைய 12 ரூபாய். 2025ல் அது 23, 24 ரூபாய். 20 வருடத்தில் இரண்டு மடங்கு. ஊருக்கு அனுப்புகிற பணத்துக்கு இந்தப் பெருக்கல் சரிதான். ஆனால் அங்கே வாழ்வதற்கு ஆகிற செலவுக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே திர்ஹமில் வாங்கி திர்ஹமில்தான் கொடுக்க வேண்டும். அதிலும் வாடகை என்று வரும்போது பெருக்கலை விட்டுவிட்டு வகுத்தல் கணக்குப் போட வேண்டும். டீக்கடையில் அதை யாரும் போடுவதில்லை.

திருநள்ளாறு தாண்டி வயல்களுக்கு நடுவே இருக்கிற இந்த ஊருக்கும், சுற்றுப்பட்ட ஊர்களுக்கும் வளைகுடா ஒன்றும் தூர தேசமல்ல. "சபர் போயிருக்கார்" என்றால் எங்கே, எதற்கு என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. இப்போது பி.காம் மூன்றாம் வருடம் படிக்கிற பையன்களுக்கும் அதே பாதைதான் காட்டப்படுகிறது. அக்கவுண்டன்ட், ஸ்டோர் கீப்பர், சேல்ஸ்மேன், டைப்பிங் சென்டர். அதனால் இந்த வகுத்தல் கணக்கு மற்ற எல்லோரையும் விட அவர்களுக்குத்தான் அவசரமானது.

பேச்சிலர் என்றால் யார்?

துபாய்த் தமிழில் "பேச்சிலர்" என்ற சொல்லுக்குக் கல்யாணம் ஆகாதவர் என்று அர்த்தம் கிடையாது. மனைவி, மூன்று பிள்ளைகள், ஊரில் மாடி வீடு எல்லாம் இருந்தாலும், குடும்பம் கூட இல்லையென்றால் அவர் பேச்சிலர். ஐம்பது வயது பேச்சிலர்கள் தேராவிலும் கராமாவிலும் ஏராளம். மகளுக்குக் கல்யாணம் முடித்துப் பேரன் பார்த்த பேச்சிலரும் உண்டு (!).

பேச்சிலர் தங்குகிற இடத்துக்குப் பெயர் "பெட் ஸ்பேஸ்". அறையை வாடகைக்கு எடுப்பதல்ல அது. அறைக்குள் இருக்கிற ஒரு கட்டிலை, அதிலும் இரண்டு அடுக்குக் கட்டிலில் மேலோ கீழோ ஒரு தட்டை மட்டும் எடுப்பது. விளக்குக் கம்பத்திலும் பஸ் ஸ்டாப்பிலும் "தமிழ் பேச்சிலருக்குக் கட்டில் காலி" என்று ஒட்டியிருப்பார்கள். இப்போது அந்த வேலையின் பெரும்பகுதியை வாட்ஸ்அப் குரூப் பார்த்துக்கொள்கிறது. மாதம் எட்டு நூறு திர்ஹம் என்று வைத்துக்கொண்டால் நாலாயிரம் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மீதியில் சாப்பாடு போக ஊருக்கு அனுப்பலாம்.

பேச்சிலராக இருக்கிற வரை டீக்கடைக் கணக்கு ஓரளவு வேலை செய்யும். கல்யாணம் ஆகி, "எப்ப மச்சான் கூட்டிட்டுப் போவீங்க?" என்று போனில் ஒரு கேள்வி வருகிறதே, அந்த இடத்தில்தான் கணக்கு உடைகிறது. ஏனென்றால் கட்டிலில் குடும்பம் நடத்த முடியாது. குறைந்தது ஒரு பெட்ரூம் வேண்டும்.

நாலாயிரத்தில் திறக்கிற கதவு

ஐக்கிய அரபு அமீரகத்தில் மனைவி மக்களைக் கூப்பிட, 2019ல் மாற்றப்பட்ட விதிப்படி மாதம் 4,000 திர்ஹம் சம்பளம் இருந்தால் போதும். கம்பெனி தங்க இடம் கொடுத்தால் 3,000 போதும். அதற்கு முன் எந்த வேலை என்பதையும் பார்ப்பார்கள். இப்போது வருமானம்தான் அளவுகோல். நல்ல மாற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஏஜென்ட்டுகள் இதை எப்படிச் சொல்கிறார்கள்? "நாலாயிரம் சம்பளம், ஃபேமிலி ஸ்டேட்டஸ் உண்டு தம்பி!" கேட்கிற வீட்டில் மருமகளுக்கு பாஸ்போர்ட் எடுக்கக் கிளம்பி விடுகிறார்கள்.

அந்த விசாவுக்கு முறையாகப் பதிவான வாடகை ஒப்பந்தமும் வேண்டும். இங்கேதான் வகுத்தல் வருகிறது.

துபாயில் வாடகையை மாதத்துக்குச் சொல்ல மாட்டார்கள். வருடத்துக்குச் சொல்வார்கள். இன்டர்நேஷனல் சிட்டியிலோ தேராவின் பழைய கட்டடங்களிலோ ஒரு பெட்ரூம் வீடு வருடத்துக்கு 60,000 திர்ஹம் என்றால் 2025 நிலவரத்தில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அதைவிடக் கொஞ்சம் குறைவாகவும் கிடைக்கலாம், நிறைய அதிகமாகவும் கேட்பார்கள். 60,000 என்றே வைத்துக்கொள்ளலாம்.

நாலாயிரம் சம்பளக்காரரின் வருட வருமானம் 48,000. வருட வாடகை 60,000. முழுச் சம்பளத்தையும் அப்படியே கொடுத்தாலும், ஒரு குப்பூஸ்கூட வாங்காமல் வருடம் முழுக்க நோன்பிருந்தாலும், இன்னும் 12,000 பாக்கி!

வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்குப் போகக் கூடாது என்பது உலகம் முழுக்கப் புழங்குகிற ஒரு தோராய விதி. அதன்படி 60,000 வாடகைக்கு மாதம் 15,000 திர்ஹம் சம்பளம் வேண்டும். ஆக, சட்டம் 4,000த்தில் கதவைத் திறக்கிறது. வீட்டுக் கதவோ 15,000த்தில்தான் திறக்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் காரைக்கால், நாகூர், கூத்தாநல்லூர் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் நிற்கிறார்கள்.

பாலைவனத்தில் இடத்துக்கா பஞ்சம்? இல்லை. கூலித் தொழிலாளிகளுக்கு சோனாப்பூர், அல் கூஸ் பக்கம் கம்பெனி கேம்ப் இருக்கிறது. முதலீட்டாளர்களுக்கு 2002லிருந்து வெளிநாட்டவரும் வாங்கலாம் என்று திறந்துவிட்ட கோபுரங்கள் இருக்கின்றன. நடுவில் இருக்கிறவர், அதாவது கேம்புக்கு மேலே, கோபுரத்துக்குக் கீழே இருக்கிற கணக்குப்பிள்ளைக்கு என்று கட்டப்பட்ட வீடுதான் குறைவு. 2006ல் சுமார் 14 லட்சமாக இருந்த துபாய் மக்கள்தொகை 2024 முடிவில் 38 லட்சத்தைத் தாண்டிவிட்டது. கேட்கிற தலை கூடினால் விலை ஏறும் என்பது முதல் வருட எகனாமிக்ஸ் பாடம். 2008-09 நெருக்கடியில் வாடகை விழுந்தது, 2014 வாக்கில் மறுபடி உச்சிக்குப் போனது, பிறகு 2020 வரை இறங்கியது, 2021லிருந்து மறுபடி ஏறியது. இறங்குகிற வருடத்தில் போனவர் "துபாய் சீப்புதான்ப்பா" என்பார். ஏறுகிற வருடத்தில் போனவர் வாயே திறக்க மாட்டார். ஊர் இரண்டு பேரையும் ஒரே தராசில் நிறுத்துகிறது.

செக் எத்தனை?

சரி, பல்லைக் கடித்துக்கொண்டு வாடகையைக் கட்டிவிடலாம் என்று ஒருவர் முடிவு செய்துவிட்டார். அப்போது அவர் எதிர்கொள்கிற இரண்டாவது கேள்வி, வாடகை எவ்வளவு என்பதைவிட மோசமானது: "எத்தனை செக்?"

துபாயில் வருட வாடகையைப் பின்தேதியிட்ட செக்குகளாக முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். ஒரே செக், இரண்டு, நான்கு, ஆறு, கொஞ்சம் இரக்கமுள்ள ஓனர் என்றால் பன்னிரண்டு. செக் எண்ணிக்கை குறையக் குறைய வாடகையும் குறையும். சம்பளமோ மாதாமாதம்தான் வருகிறது. வரவு மாதத்துக்கு, செலவு வருடத்துக்கு. வொர்க்கிங் கேப்பிடல் என்று காலேஜில் நடத்துகிற பாடம் இதுதான். கம்பெனி லாபத்தில் இருந்தாலும் கையில் ரொக்கம் இல்லாமல் மூழ்கும் என்று படித்ததை, ஒரு குடும்பம் அப்படியே வாழ்ந்து காட்டுகிறது.

60,000 வாடகை, நான்கு செக் என்று வைத்துக்கொண்டு முதல் நாள் செலவைப் பார்க்கலாம்.

முதல் செக் - 15,000
டெபாசிட் (சாமான் இல்லாத வீட்டுக்கு வழக்கமாக 5 சதவீதம்) - 3,000
புரோக்கர் கமிஷன் (வழக்கமாக 5 சதவீதம்) - 3,000
கமிஷனுக்கு வாட் வரி - 150
மின்சாரம், தண்ணீர் டெபாசிட் - 2,000

மொத்தம் 23,150 திர்ஹம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்கிற "எஜாரி", மின் இணைப்புக் கட்டணம் என்று இன்னும் சில நூறு. டீக்கடைப் பெருக்கலில் சொன்னால் ஐந்தரை லட்ச ரூபாய்க்கு மேல். இது வீட்டுச் சாவி கைக்கு வருவதற்கு மட்டும். சாமான் இல்லாத வீடு என்றால் அங்கே ஃபிரிட்ஜ், அடுப்பு எதுவும் இருக்காது. வெறும் சுவர்தான். பிறகு மாதாமாதம் மின்சார பில்லோடு, வருட வாடகையில் 5 சதவீதம் வீட்டு வரியாகப் பன்னிரண்டு பாகமாகச் சேர்ந்து வரும். 60,000க்கு அது மாதம் 250.

சென்னையில் வீட்டு ஓனர் பத்து மாத அட்வான்ஸ் கேட்பதும் கொடுமைதான். ஆனால் அந்தப் பணம் காலி செய்யும்போது (பெயின்ட் அடிக்கக் கழித்துக்கொண்டாவது) திரும்பி வரும். இங்கே பெரும்பகுதி வாடகையாகவே போய்விடுகிறது.

இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டியது. அதே வீட்டை ஒரே செக்காகக் கொடுத்தால் 56,000க்குத் தருகிறேன் என்று ஓனர் சொல்வதாக வைத்துக்கொள்ளலாம். பார்க்க 4,000 தள்ளுபடி மாதிரி தெரியும். உண்மையில் என்ன நடக்கிறது? கையில் ரொக்கம் உள்ளவர் இன்று 41,000 கூடுதலாகக் கொடுத்து, பிறகு மூன்று தவணைகளில் கட்ட வேண்டிய 45,000ஐ மிச்சம் செய்கிறார். சராசரியாக ஆறு மாதத்தில் 41க்கு 4. வருட வட்டியாக மாற்றினால் ஏறக்குறைய 20 சதவீதம்! அதாவது பணமில்லாதவர் நான்கு செக் என்ற சலுகைக்குக் கந்துவட்டிக்குப் பக்கத்தில் போகிற வட்டி கட்டுகிறார். பில்லில் எங்கேயும் வட்டி என்று எழுதியிருக்காது, அவ்வளவுதான். மாதாமாதம் கட்டும் ஏற்பாடுகளும் இப்போது வந்திருக்கின்றன. நடுவில் நிற்கிற நிறுவனம் ஓனருக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டு, குடியிருப்பவரிடம் மாதத் தவணையாக வாங்கிக்கொள்கிறது. அதற்கும் கட்டணம் உண்டு.

செக் திரும்பினால்? முன்பு ஜெயில் வரைக்கும் போன கதைகள் உண்டு. 2022 ஜனவரி 2 முதல் சட்டம் மாறி, பணமில்லாமல் திரும்புகிற செக் பெரும்பாலும் குற்ற வழக்காவதில்லை. ஆனால் ஓனர் நேராகக் கோர்ட்டில் பணத்தை வசூலிக்கப் போகலாம், பயணத் தடை வரலாம். ஊரில் ஒரு மௌத்தோ மரணமோ என்றால் கிளம்பி வர முடியாத நிலை. அதுவும் ஒருவகை ஜெயில்தான்.

ஷார்ஜா என்ற பக்கத்து வீடு

துபாயில் முடியவில்லை என்றால் எல்லோரும் கை காட்டுகிற ஊர் ஷார்ஜா. அல் நஹ்தா என்ற பெயரில் துபாயிலும் ஒரு பகுதி, ஷார்ஜாவிலும் ஒரு பகுதி. ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருக்கும். எல்லையைத் தாண்டினால் வாடகை சட்டென்று இறங்கிவிடும். ஷார்ஜாவில் பழைய கட்டடத்தில் ஒரு பெட்ரூம் 36,000க்கு அமைந்ததாக வைத்துக்கொண்டால், மூன்றில் ஒரு பங்கு விதிப்படி 9,000 சம்பளம் போதும். அஜ்மான் வரை போகத் தயார் என்றால் இன்னும் குறையும்.

ஷார்ஜாவின் 2024ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சமும் இருக்கிறது. ஒப்பந்தம் தொடங்கி மூன்று வருடத்துக்கு ஓனர் வாடகையை ஏற்ற முடியாது.

வாடகையில் மிச்சமாவது சாலையில் போகும். காலையில் ஷார்ஜாவிலிருந்து துபாய்க்குப் போகிற அல் இத்திஹாத் ரோடு எப்படி இருக்கும் என்று போய் வந்தவர்களைக் கேட்டால் பெருமூச்சுதான் பதிலாக வரும். விடியுமுன் கிளம்பி, பிள்ளை தூங்கிய பிறகு வீட்டுக்கு வருகிற அப்பாக்கள் (அத்தாக்கள்) ஷார்ஜாவில் ஏராளம். ஆனாலும் தூங்குகிற பிள்ளையின் முகத்தையாவது தினமும் பார்க்கிறார்கள் அல்லவா? கட்டிலின் மேல்தட்டில் படுத்துக்கொண்டு வீடியோ காலில் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இதற்கும் வழியில்லாதவர்கள் பிடித்துக்கொண்ட குறுக்கு வழி "பார்ட்டிஷன்". ஒரு ஹாலை ஜிப்சம் பலகையால் நான்காகத் தடுத்து, நான்கு குடும்பங்களுக்கு விடுவது. கணவன், மனைவி, கைக்குழந்தை, ஒரு சூட்கேஸ். ஜன்னல் யாராவது ஒருவருக்குத்தான் வரும். துபாயின் 2007ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஓனரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது. 2008ல் "ஒரு வில்லாவில் ஒரு குடும்பம்" என்று முனிசிபாலிட்டி கெடுபிடி செய்தது. 2025 ஜூனில் அல் ரிக்கா, அல் முரக்கபாத், சத்வா, அல் ரஃபா, அல் பர்ஷா பக்கமெல்லாம் சட்டவிரோதத் தடுப்புகளுக்கு எதிராகப் பெரிய நடவடிக்கை எடுத்தது. தீ விபத்து நடந்தால் தப்ப வழியில்லை என்பது உண்மையான காரணம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பலகையைப் பிரித்துப் போட்ட பிறகு அந்தக் குடும்பங்கள் எங்கே போகும் என்ற கேள்விக்குப் பதில் பலகையில் இல்லை, வாடகையில் இருக்கிறது.

காரைக்காலுக்குத் தெரிந்த இன்னொரு ஊர்

வேறு மாதிரி முடியுமா என்று கேட்டால், காரைக்கால்காரர்களுக்கு வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. 1962ல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள வழியிருந்தது. அப்படிப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பாரிஸ் புறநகர்களில் இருக்கிறார்கள். அங்கே வாடகை குறைவா? இல்லவே இல்லை. ஆனால் வாடகை மாதாமாதம். சாமான் இல்லாத வீட்டுக்கு டெபாசிட் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2008லிருந்து சட்டம். வருமானம் குறைவென்றால் அரசின் வீட்டு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம்.

அங்கேயும் சிக்கல் உண்டு. வாடகையைப் போல மூன்று மடங்கு சம்பளம் இருக்கிறதா என்று சம்பளச் சீட்டைக் கேட்பார்கள், ஜாமீன் கேட்பார்கள். கடுமைதான். ஆனால் வகுத்தல் கணக்கு அங்கே வாசலிலேயே போடப்பட்டுவிடுகிறது. துபாய் வேலையில் அந்தக் கணக்கை ஏஜென்ட் போடுவதில்லை, கம்பெனி போடுவதில்லை, ஊரும் போடுவதில்லை. செக் புக்கும் கையுமாக நிற்கும்போதுதான் அந்த ஆள் முதன்முதலாகப் போடுகிறார்.

ஊரில் நாலு ரூம், அங்கே ஒரு கட்டில்

இப்போது கசப்பான விஷயத்துக்கு வரலாம்.

அம்பகரத்தூரிலும் சுற்றுவட்டாரத்திலும் வளைகுடாப் பணத்தில் எழுந்த வீடுகளைப் பார்த்தால் கண் நிறையும். டைல்ஸ் போட்ட முகப்பு, மாடி, கிரில் கேட். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் பல வீடுகளில் ஒரு வயதான அம்மா, ஒரு மருமகள், ஒரு பிள்ளை. மாடி பூட்டியிருக்கும். அந்த வீட்டைக் கட்டியவர் வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ ஒரு மாதம் வந்து, தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுத் திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிப் போகிறார்.

அந்த வீட்டுக்கு 40 லட்ச ரூபாய் ஆனதாக வைத்துக்கொண்டால், 24ஆல் வகுக்க ஏறக்குறைய 1,66,000 திர்ஹம். ஷார்ஜாவில் 36,000 வாடகை, மின்சாரம் மற்ற செலவு 5,000 என்று வருடம் 41,000 போட்டால், நாலு வருட ஒரு பெட்ரூம் வாழ்க்கை!

நாலு வருடம் என்பது சின்ன எண்ணல்ல. கல்யாணமான முதல் நாலு வருடத்தில்தான் புருஷன் பெண்டாட்டி ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்வது. பிள்ளை பிறப்பது, தவழ்வது, முதல் சொல் பேசுவது எல்லாம் அதற்குள்தான். பணக் கணக்காகப் பார்த்தாலும் வெளிநாட்டில் குடும்பம் வைத்துக்கொள்ள மலிவான வருடங்கள் அவைதான். பிள்ளைக்கு நாலு வயதாகும் வரை பள்ளிக்கூடக் கட்டணம் கிடையாது. கே.ஜி. ஆரம்பித்த பிறகுதான் பீஸ், பஸ், யூனிஃபார்ம் என்று செலவு ஏறத் தொடங்கும். ஆனால் வழக்கத்தில் என்ன நடக்கிறது? அந்த மலிவான நாலு வருடத்தில் ஊரில் வீடு கட்டுகிறார்கள். பிள்ளை பெரிதாகி, பள்ளிச் செலவு வந்து, கூட்டிப் போகவே முடியாத கட்டத்தில் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிறார்கள். வரிசையே தலைகீழ்.

ஆகவே சொல்ல வேண்டியது இதுதான்: 8,000, 9,000 திர்ஹம் சம்பளத்தைத் தொட்டவர் ஊரில் வீடு கட்டுவதைத் தள்ளிப் போட்டுவிட்டு, முதல் செக்குக்குப் பணம் சேர்க்க வேண்டும். வீடு பத்து வருடம் கழித்தும் கட்டலாம். ஒரு வயதுப் பிள்ளையைப் பத்து வருடம் கழித்துத் தூக்க முடியாது.

இதற்கு எதிர்வாதம் இல்லாமலில்லை. அவை லேசானவையும் அல்ல. முதலாவது, அங்கே ஓய்வுக்காலம் என்று ஒன்று வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இல்லை. என்றைக்காவது ஊருக்குத் திரும்பியே ஆக வேண்டும், திரும்பும்போது தலைக்கு மேல் கூரை வேண்டாமா? வேண்டும். ஆனால் அந்தக் கூரை மூன்று மாடியில் இருக்க வேண்டியதில்லை, முப்பது வயதிலேயே எழும்ப வேண்டியதுமில்லை. இரண்டாவது, வேலை போய்விட்டால்? செக் எல்லாம் கொடுத்தாகிவிட்டதே! இது உண்மையான பயம். ஒப்பந்தத்தில் இடையில் காலி செய்தால் எவ்வளவு அபராதம் என்ற வரியைப் படித்துவிட்டு, முடிந்தால் இரண்டு மாத வாடகையோடு நிறுத்தச் சொல்லிக் கேட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் பாதுகாப்பு. மூன்றாவது, வயதான பெற்றோரை யார் பார்ப்பது? மிகக் கடினமான கேள்வி இது. எந்தக் கணக்கும் இதற்கு விடை சொல்லாது, அந்தந்த வீடுதான் சொல்ல வேண்டும்.

4,000, 5,000 சம்பளக்காரருக்கு இந்த ஆலோசனையே பொருந்தாது என்பதையும் மறைக்கக் கூடாது. 36,000 வாடகை அவருடைய 48,000ல் முக்கால் பங்கு. அவர் குடும்பத்தைக் கூட்டிப் போகவில்லை என்றால் அது அவருடைய குற்றமில்லை, பாசமில்லாமையுமில்லை. "அவன் மட்டும் துபாய்ல ஜாலியா இருக்கான்" என்று ஊர் பேசுகிற பேச்சுதான் அநியாயம். கட்டிலின் மேல்தட்டில் என்ன ஜாலி?

கேட்க வேண்டிய நாலு கேள்வி

ஆஃபர் லெட்டர் கையில் வாங்கப் போகிற பி.காம் பையன்கள் பெருக்கல் போடுவதற்கு முன் நாலு விஷயம் பார்த்துக்கொண்டால் நல்லது.

ஒன்று, தங்குமிடம் யார் பொறுப்பு? அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி கம்பெனி இடம் கொடுக்கலாம், அல்லது வீட்டுப் படி கொடுக்கலாம், அல்லது சம்பளத்துக்குள்ளேயே அடங்கியது என்று எழுதிவிடலாம். மூன்றாவதாக எழுதியிருந்தால் 4,000 என்பது உண்மையில் 3,200தான்.

இரண்டு, வீட்டுப் படியை வருட ஆரம்பத்தில் மொத்தமாக முன்பணமாகத் தருவார்களா? சில கம்பெனிகளில் தருகிறார்கள். வட்டியில்லாத இந்த ஒரு உதவி, மாதம் ஐந்நூறு சம்பள உயர்வைவிட மேலானது. கேட்டால் குறைந்துபோக மாட்டார்கள்.

மூன்று, அலுவலகம் எங்கே? துபாயின் எந்த மூலை என்பதைப் பொறுத்து ஷார்ஜா வாடகை மிச்சமா, இல்லையா என்பது மாறும்.

நாலு, வீடு எடுத்த பிறகு வாடகை ஏறுமா? துபாயில் ஓனர் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. 2013ஆம் ஆண்டு ஆணைப்படி, இப்போதைய வாடகை அந்தப் பகுதிச் சராசரியைவிட 10 சதவீதம் வரை குறைவாக இருந்தால் ஏற்றவே கூடாது. அதற்கு மேல் எவ்வளவு குறைவோ அதைப் பொறுத்து 5, 10, 15, அதிகபட்சம் 20 சதவீதம். 90 நாள் முன்னறிவிப்பும் வேண்டும். விற்கவோ சொந்தமாகக் குடியிருக்கவோ காலி செய்யச் சொன்னால் 12 மாத நோட்டீஸ், அதுவும் நோட்டரி மூலமோ பதிவுத் தபாலிலோ. 2025 ஜனவரியில் கட்டடத்துக்குக் கட்டடம் தரம் பார்க்கிற புதிய வாடகைக் குறியீடும் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் "அடுத்த மாசம் காலி பண்ணு" என்று ஓனர் அனுப்பியதும் பெட்டியைக் கட்டுகிறவர்கள் பலர். சட்டம் தெரிந்தவர் கட்ட மாட்டார்.

இந்த நாலையும் கேட்டுவிட்டு அப்புறம் டீக்கடைக்குப் போகலாம். யாராவது செல்போனை எடுத்து 24ஆல் பெருக்க ஆரம்பித்தால் தடுக்க வேண்டாம், பாவம், சந்தோஷமாக இருக்கிறார்கள். பெருக்கி முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்:

"ஒரு பெட்ரூம் வீடு வருஷத்துக்கு எவ்வளவாம்? எத்தனை செக்காம்?"